ஐப்பசி மழையில் ஒருமுறை வந்து பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சென்னையின் தெற்குப் பக்கத்து மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் வீடு பார்ப்பது, குடிபோவது, அங்கே நாள்களை ஓட்டுவது பற்றியவை. நான் 1996 முதல் மேடவாக்கத்தில் இருக்கிறேன். எங்கள் தெருவின் நலச்சங்கத்தில் ஒன்பது வருஷம் செயலாளராக இருந்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, எனக்கும் மனைவிக்கும் சோழிங்கநல்லூரில் வேலை. மேடவாக்கம் பக்கம் இரண்டு படுக்கையறை ஃபிளாட் பார்க்கிறோம். பக்கத்திலேயே மெட்ரோ ஸ்டேஷன் வருகிறது, இப்போது வாங்காவிட்டால் எப்போதும் வாங்க முடியாது என்கிறார் புரோக்கர். வாங்கலாமா?
*ஒரு வாசகர், வேளச்சேரி*

மெட்ரோ வருவது உண்மைதான். மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரையான பாதை மேடவாக்கம் கூட்ரோடு, பெரும்பாக்கம் வழியாகத்தான் போகிறது. தூண்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஸ்டேஷன் எத்தனை மீட்டர் தூரம் என்று கேட்டுக்கொண்டீர்கள், நல்லது. அந்தத் தெருவில் பெய்கிற மழை எந்தப் பக்கம் போகும் என்று கேட்டீர்களா? நீங்கள் எழுதிய இரண்டு பக்கத்தில் அந்தக் கேள்வியே இல்லை. எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது, தம்பி.

நம்ம பக்கத்து ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம், கோவிலம்பாக்கம், செம்பாக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏரி உண்டு. செம்பாக்கம் ஏரி நிறைந்தால் நன்மங்கலத்துக்கு, அங்கிருந்து கீழ்க்கட்டளைக்கு, அப்புறம் நாராயணபுரத்துக்கு, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு. தெற்கே ஒட்டியம்பாக்கம், சித்தாலப்பாக்கம் பக்கத்துத் தண்ணீர் பெரும்பாக்கம் வழியாக அதே சதுப்புக்குத்தான் வருகிறது. இத்தனை ஏரித் தண்ணீரும் சேர்ந்து வெளியே போக ஒக்கியம் மடுவு என்கிற ஒரே வாசல். அதைத் தாண்டி பக்கிங்காம் கால்வாய், பிறகு கோவளம் முகத்துவாரம், கடல். வாசல் சிறியது, வருகிற தண்ணீர் பெரியது. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் நாங்கள் அதை வீட்டுக்குள் நின்றபடி பார்த்தோம்.

இதற்காகப் பயந்து ஓட வேண்டாம். இந்தப் பக்கத்தில் மேடும் இருக்கிறது, பள்ளமும் இருக்கிறது. ஒரே தெருவில் இந்த முனை காய்ந்து கிடக்கும், அந்த முனையில் படகு போகும். நீங்கள் வாங்கப்போவது எந்த முனை என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

முதல் வேலை, புரோக்கர் இல்லாமல் தனியாக வாருங்கள். ஐப்பசியில் நல்ல மழை பெய்த மறுநாள் காலை வாருங்கள். ஃபிளாட்டுக்குள் போகாதீர்கள், தெருவில் நடங்கள். மதில் சுவர்களில் பழுப்பாக ஒரு கோடு ஓடும். பெயிண்ட் அடித்திருந்தாலும் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். பழைய வீடுகளின் மோட்டார் எந்த உயரத்தில் இருக்கிறது, கரண்ட் மீட்டர் பெட்டியை இடுப்பளவிலிருந்து தலைக்கு மேலே மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு தெருவில் எல்லா மீட்டரும் தலைக்கு மேலே இருந்தால் அங்கே யாரிடமும் கேள்வி கேட்க வேண்டியதே இல்லை. அப்புறம் இஸ்திரி வண்டிக்காரரிடம் இரண்டு சட்டை கொடுத்துவிட்டுப் பேசுங்கள். அவர் பொய் சொல்ல அவருக்கு ஒரு காரணமும் கிடையாது.

இரண்டாவது, காகிதம். வில்லங்கச் சான்று முப்பது வருஷத்துக்குப் போடுங்கள். பட்டாவோடு நிற்காமல் அந்த சர்வே எண்ணின் புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்), அ-பதிவேட்டையும் (நிலம் என்ன வகை என்று சொல்கிற அரசுப் பதிவேடு) எடுங்கள். புலப்படத்தில் வாய்க்கால் ஓடுகிறதா, பதிவேட்டில் அந்த இடமோ அடுத்த சர்வே எண்ணோ ஏரி, வாய்க்கால், கழுவெளி (சதுப்பு), மேய்க்கால் (மேய்ச்சல் நிலம்) என்று இருக்கிறதா என்று வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள். பள்ளிக்கரணை 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களின் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம். அதை ஒட்டிய கட்டுமானங்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கின்றன. அதன் கரையோரம் என்றால் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும்.

ஃபிளாட்டின் ரெரா (வீட்டுமனை, கட்டட விற்பனையை ஒழுங்குபடுத்துகிற ஆணையம்) பதிவு எண்ணை வாங்கி இணையத்தில் நீங்களே பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டு வீட்டுக்கு மேலோ கட்டுகிறவர் பதிவு செய்தே ஆக வேண்டும். சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் சொந்தச் செலவில் சரிசெய்து கொடுப்பதும் அவர் பொறுப்பு. பிரிபடாத பாகம், அதாவது நிலத்தில் உங்கள் பங்கு எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் எண்ணாக இருக்க வேண்டும். விளம்பரத்தில் போடுகிற 1,050 சதுர அடியில் மாடிப்படியும் லிஃப்ட்டும் சேர்ந்திருக்கும். தரைவிரிப்புப் பரப்பு, அதாவது கார்பெட் ஏரியா எவ்வளவு என்று கேளுங்கள், உங்கள் கட்டில் போடுகிற இடம் அதுதான்.

இவ்வளவும் சரியாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள்.

வாடகைக்குப் போகிறோம். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார் வீட்டுக்காரர். சென்னையில் இதுதான் வழக்கமாமே?
*ஒரு வாசகி, கோவில்பட்டி*

வழக்கம்தான், சட்டம் வேறு. தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரை என்கிற அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் பத்து மாதம் கேட்கிறார்கள். பேசிப் பாருங்கள், இப்போது பலர் ஐந்து, ஆறுக்கு இறங்கி வருகிறார்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்துவிடுங்கள். காலி செய்து ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. சாமான் இறக்கும் முன் ஒவ்வொரு சுவரையும், குழாயையும், பாத்ரூம் டைல்ஸையும் போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வையுங்கள். பெயிண்டிங் செலவு என்று பின்னால் வருகிற பேச்சு பாதியாகக் குறையும்.

1998-இல் கட்டிய தனி வீடு. அப்போது ரோட்டிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே போவோம். இப்போது இரண்டு படி இறங்கிப் போகிறோம். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கலாம் என்கிறார்கள். என் கணவர் பயப்படுகிறார். நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா?
*ஒரு வாசகி, மடிப்பாக்கம்*

பார்த்திருக்கிறேன் அம்மா, பத்தடி தூரத்திலிருந்து, நாற்பது நாள். எங்கள் எதிர்வீடு.

முதலில் சுவரின் இரண்டு பக்கமும் அஸ்திவாரம் தெரிகிற வரை பள்ளம் தோண்டினார்கள். பிறகு ஒரு அடி நீளத்துக்குச் செங்கல்லை உடைத்து எடுப்பது, அந்த ஓட்டையில் ஒரு ஜாக்கி வைப்பது, மேலே இரும்புச் சேனல் கொடுப்பது, அடுத்த அடிக்குப் போவது. இப்படியே வீடு முழுக்க ஜாக்கியின் மேல் வந்துவிட்டது. நூற்று எழுபது ஜாக்கி என்று எதிர்வீட்டு அண்ணன் சொன்னார். பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மேஸ்திரி குரல் கொடுத்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஜாக்கியைக் கால் சுற்று திருப்புவார்கள். நிறுத்துவார்கள். மறுபடி குரல். ஒரு நாளைக்குச் சில அங்குலம்தான். ஏறின இடத்தில் உடனே செங்கல் கட்டிக்கொண்டே வருவார்கள்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். தூக்கும்போது சுவரும் கூரையும்தான் மேலே போகும். தரை மண்ணின் மேல் கிடக்கிறது, அது அங்கேயே இருக்கும். எதிர்வீட்டு அக்கா தன் பிள்ளைகளின் உயரத்தை வருஷா வருஷம் கூடத்துச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். வேலை முடிந்த அன்று கூப்பிட்டுக் காட்டினார். ரெட் ஆக்ஸைடு தரை பழைய இடத்திலேயே பள்ளமாகக் கிடக்க, மூன்று வயதில் போட்ட கோடு எங்கள் முகத்துக்கு நேராக நின்றது. அதைத் தொட்டுக்கொண்டே அவர் அழுதுவிட்டார். அப்புறம் மண் கொட்டி, திமிசு போட்டு இறுக்கி, புதுத் தரை போட்டதும் கோடுகள் பழைய உயரத்துக்கு வந்தன.

ஆகவே தூக்குகிற கூலியை மட்டும் கணக்குப் போடாதீர்கள். மண் நிரப்புவது, புதுத் தரை, கழிவுநீர்க் குழாய் மட்டம், செப்டிக் டேங்க், வாசற்படி, கேட் எல்லாம் சேர்ந்தால் அந்தக் கூலிக்குச் சமமாக இன்னொரு செலவு வந்து நிற்கும், எதிர்வீட்டில் அப்படித்தான் ஆனது. உங்கள் வீடு சுவர் தாங்கும் வீடா, தூண் வைத்த வீடா, எங்கெல்லாம் விரிசல் இருக்கிறது என்று ஒரு கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்த பிறகே முன்பணம் கொடுங்கள். தூக்குகிறவர்களின் ஆளே வந்து பார்ப்பது போதாது. அவர்கள் முன்பு தூக்கிய வீடுகளில் இரண்டு மழைக்காலம் தாண்டிய ஒன்றைக் கேட்டு நேரில் போய்ப் பாருங்கள்.

இதோடு இன்னொரு வேலையும் செய்யுங்கள். ரோடு ஏறியது உங்கள் தப்பில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். தெருவில் ரோடு போட வண்டி வந்து நிற்கும் அன்று பத்துப் பெண்கள் வெளியே வந்து அந்த உத்தரவைச் சொல்லி நின்றால் போதும். நாங்கள் நின்றோம். சாயங்காலம் சுரண்டுகிற மெஷின் வந்தது.

போர் தண்ணீர் ஒரே உப்பு. குழாய், ஹீட்டர், தலைமுடி எல்லாம் போச்சு. லாரித் தண்ணீருக்குக் கட்டி மாளவில்லை. வழி உண்டா?
*அடுக்குமாடிக் குடியிருப்போர் சார்பில் ஒருவர், சித்தாலப்பாக்கம்*

உங்கள் மொட்டை மாடி எவ்வளவு பெரியது என்று எழுதவில்லை. ஆயிரம் சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த மாடியில் மட்டும் சுமார் 9,300 லிட்டர் விழுகிறது. சென்னைக்கு வருஷத்தில் சராசரியாக 140 சென்டிமீட்டர் மழை. கணக்குப் போட்டால் ஒரு லட்சத்து முப்பதாயிரம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி பத்துக்கு மேல். உங்கள் மாடி நிச்சயம் ஆயிரத்தைவிடப் பெரிதாக இருக்கும். அத்தனையும் இப்போது ரோட்டுக்குப் போய் கீழ் முனையில் இருக்கிறவர் வீட்டுக்குள் நுழைகிறது.

மழைநீர் சேகரிப்பு 2003-லேயே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாகிவிட்டது. உங்கள் கட்டடத்திலும் ஒரு குழாயும் குழியும் கட்டாயம் இருக்கும். போய்த் திறந்து பாருங்கள், முக்கால்வாசி இடங்களில் அது மண்ணும் இலையும் அடைத்துக் கிடக்கிறது. எங்கள் சங்கத்தில் செய்தது இதுதான்: மாடித் தண்ணீரை மணல், கூழாங்கல் போட்ட வடிகட்டித் தொட்டி வழியாகத் தனி சம்ப்புக்கு (தரைக்கடித் தொட்டி) விட்டோம், சம்ப் நிறைந்தால் வழிவது பழைய கிணற்றுக்குப் போகிறது. முதல் மழையை வெளியே திறந்துவிட வேண்டும். புரட்டாசியில் மாடியைக் கழுவுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மூன்றாவது வருஷம் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைத்தது. அன்றைக்குத் துணி துவைத்தவர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

கழிவுநீரை மட்டும் மழைநீர் வடிகாலில் விடாதீர்கள். அது நேரே ஏரிக்குப் போகிறது.

மேடம், எங்கள் குடியிருப்பில் வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாக்கம் போர்டு வீடுகளிலிருந்து வருகிறார்கள். அவர்கள் லிஃப்ட்டைப் பயன்படுத்தக் கூடாது, வாசலில் பையைச் சோதிக்க வேண்டும் என்று சங்கத்தில் தீர்மானம் வருகிறது. எனக்கு மனசு ஒப்பவில்லை. தனியாகப் பேசத் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?
*ஒரு வாசகி, பெரும்பாக்கம்*

பேசுங்கள். தனியாக இருந்தாலும் பேசுங்கள்.

போர்டு வீடுகள் என்று நாம் சொல்கிற, குடிசை மாற்று வாரியம் கட்டிய அந்த எட்டு மாடிக் கட்டடங்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் தாங்களாகத் தேடி வந்தவர்கள் இல்லை. கூவம், அடையாறு கரைகளில் தலைமுறையாக இருந்தவர்களை, அதிலும் 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும் எண்ணிக்கையில், இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். நகரத்துக்கு நடுவில் வேலை, பள்ளிக்கூடம், கடன் கொடுக்கிற அண்ணாச்சி கடை எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருந்தது. ஒரே நாளில் அது இருபது கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிட்டது. என் வீட்டில் வேலை செய்த அம்மா முதல் இரண்டு வருஷம் பழைய இடத்து வேலையை விட மனசில்லாமல் விடியற்காலை நாலரைக்குப் பஸ் பிடித்துப் போனார். 2021-இல் பெண்களுக்குச் சாதாரணப் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்று ஆனபோது, மாதம் மிஞ்சுகிற காசை விரல்விட்டு எண்ணி, மகளை டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்தேன் என்று சொன்னார்.

இந்தப் பகுதி வளர்கிறது என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அதில் பாதி அவர்கள் உழைப்பு. காலையில் நீங்களும் உங்கள் கணவரும் லேப்டாப் பையோடு கிளம்ப முடிவது, உங்கள் மாமியாரின் மாத்திரையை நேரத்துக்கு ஒருவர் எடுத்துக் கொடுப்பது, கட்டடத்தின் படிக்கட்டு சுத்தமாக இருப்பது, எல்லாம். ஆறாவது மாடிக்கு ஒரு நாளைக்கு நான்கு வீடு ஏறி இறங்குகிற ஐம்பது வயதுப் பெண்ணின் முட்டியை நினைத்துப் பாருங்கள். லிஃப்ட் பராமரிப்புக்கு நீங்கள் பணம் கட்டுகிறீர்கள், உங்கள் வேலைக்காக வருகிறவர் அதில் ஏறுகிறார். இதில் பிரச்சினை எங்கே?

பாதுகாப்பு வேண்டும் என்றால் வருகிற எல்லோருக்கும், உங்கள் மச்சான் உள்பட, வாசலில் ஒரே பதிவேடு வையுங்கள். கூட்டத்துக்கு முன்னால் இரண்டு வீட்டில் மட்டும் பேசுங்கள். உங்களைப் போலவே தயங்கிக்கொண்டிருக்கிற இன்னும் இரண்டு பேர் கட்டாயம் இருப்பார்கள். கூட்டத்தில், 'இந்தத் தீர்மானத்தை எதிர்க்கிறேன், என் பெயரைப் பதிவு செய்யுங்கள்' என்ற ஒரு வரி போதும். பதிவில் ஒரு எதிர்ப்பு ஏறினாலே பலர் யோசிப்பார்கள். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

அம்மாவை மயிலாப்பூரிலிருந்து எங்களோடு அழைத்து வர வேண்டும். 'அங்கே கோயில் இல்லை, மனுஷா இல்லை' என்கிறார்.
*ஒரு வாசகர், மேடவாக்கம்*

கோயில் இருக்கிறது. பக்கத்து மாடம்பாக்கத்திலேயே சோழர் காலத்துத் தேனுபுரீஸ்வரர் கோயில் இருக்கிறது, ஒரு ஞாயிறு கூட்டிப் போய்க் காட்டுங்கள். ஆனால் அம்மா கேட்பது நடந்து போகிற தூரத்தில் ஒரு கோயில், வழியில் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு பூக்காரி. ஆகவே மொத்தமாக அழைத்து வராமல் முதலில் பதினைந்து நாள் வரட்டும். கீரைக்காரம்மா வருகிற நேரம், பால் வருகிற நேரம், கீழே பெஞ்சில் பெரியவர்கள் உட்காருகிற நேரம் இதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். நீங்கள் வாங்கிவைப்பதை நிறுத்திவிட்டு அவர் கையில் காசைக் கொடுத்து அவரையே வாங்கச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் கீரைக்காரம்மாவின் மகளுக்கு எத்தனை பிள்ளை என்று அவர் உங்களுக்குச் சொல்வார். மெயின் ரோட்டைத் தாண்டி மட்டும் தனியாக விடாதீர்கள், மெட்ரோ வேலை முடிகிற வரை அந்தக் குறுக்குச் சாலை எனக்கே பயமாக இருக்கிறது.

1996-இல் ஒன்றுமே இல்லாத இடத்தில் எதை நம்பி மனை வாங்கினீர்கள்?
*ஒரு வாசகி, திருச்சி*

ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. வயல் இருந்தது, ஏரி இருந்தது, ஏரிக்கரையில் பனை இருந்தது. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகிற பஸ் இருந்தது. என் கணவருக்கும் எனக்கும் கையில் இருந்த பணத்துக்கு இங்கேதான் அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி கிடைத்தது.

மனை காட்டியவர் ரோட்டை ஒட்டி, சமமாக, பார்க்க அழகாக ஒரு இடத்தைக் காட்டினார். எனக்கும் பிடித்துவிட்டது. அவர் வண்டி எடுக்கப் போன நேரத்தில், எருமை மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி என்னைப் பார்த்து, 'யம்மா, இங்க நிக்கிற தண்ணி தை மாசம் வரைக்கும் நிக்கும். வாங்குறதுன்னா அந்தா அந்த வேப்பமரத்தாண்ட வாங்கு' என்று கையைக் காட்டினார். வேப்பமரத்துப் பக்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது, கல்லும் முள்ளுமாகக் கிடந்தது. என் கணவர் யோசித்தார். நான் பாட்டி சொன்ன இடத்தில் பிடிவாதமாக நின்றேன்.

2015-இல் முதலில் காட்டிய அந்த இடத்தில் கழுத்தளவு தண்ணீர். எங்கள் வீட்டில் மூன்றாவது படி வரை வந்து நின்றது. அந்த நான்கு நாளும் கீழ்த்தெருவிலிருந்து வந்த பதினோரு பேர் எங்கள் மாடியில் இருந்தார்கள். பாட்டி அதற்கு ஆறு வருஷம் முன்பே போய்விட்டார். பேரன் எங்கள் தெரு முனையில் பால் பூத் வைத்திருக்கிறான், காலையில் இரண்டு பாக்கெட் அவனிடம்தான் வாங்குகிறேன். வேப்பமரம் இன்னும் இருக்கிறது. மெட்டர்னிட்டி லீவில் இருக்கிற பக்கத்து வீட்டுப் பெண் சாயங்காலத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதன் அடியில் நிற்கிறாள்.